கட்டியை மறைக்காதீங்க, சர்க்கரையைப் பாருங்க



நான் நம்ம குழு உறுப்பினர். 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலராகவும் வீடு வீடாகப் போறேன். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு பார்ப்பதுதான் முக்கிய வேலை. ஆனா பல வீட்டில், "கண்ணு, அக்குள்ல கட்டி, தொடை இடுக்குல கொப்புளம், யார்கிட்டயும் சொல்லாத"ன்னு காதோடு சொல்றாங்க. வெட்கப்பட இதில் ஒண்ணுமில்லைங்க. அதனாலதான் மைக்கில் பேசுறேன்.

ஒவ்வொரு முடியின் அடியிலும் மயிர்க்கால் என்ற சின்னப் பை இருக்கு. வேர்வை, இறுக்கமான துணியின் உரசல், சவரம், அப்பிய எண்ணெய் இவற்றால் அது அடைபடும், புண்படும். நம்ம தோலிலும் மூக்கிலும் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி உள்ளே புகுந்தா சீழ் பிடிக்கும். "உடம்புச் சூடு"ன்னு சொல்லிட்டு மோர் குடிச்சா மட்டும் கிருமி போகாது.

சின்னக் கொப்புளம் பெரும்பாலும் தானே ஆறிடும். வெதுவெதுப்பான தண்ணியில் சுத்தமான துணியை நனைச்சு, 10 நிமிஷம், தினம் மூணு தடவை ஒத்தடம் கொடுங்க. தளர்வான பருத்தித் துணி போடுங்க. துண்டும் ரேசரும் ஆளுக்கு ஒண்ணு வைங்க. ஊக்கால் குத்தாதீங்க. மூக்கு, மேலுதட்டுப் பக்கம் வந்ததைப் பிதுக்கவே கூடாது. கிருமி ரத்தக்குழாய் வழியா மூளைப் பக்கம் ஏறிடலாம்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் களிம்பு பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கு. அரிப்பு அடங்கின மாதிரி தெரியும், உள்ளே கிருமி பெருகும். 2018-லேயே மத்திய அரசு இப்படிப் பல களிம்புகளை டாக்டர் சீட்டில்லாம விற்கக்கூடாதுன்னு சொல்லிடுச்சு.

முக்கியமான விஷயம் இதுதான். கட்டி திரும்பத் திரும்ப வந்தா சர்க்கரை இருக்கலாம். சர்க்கரை கூடினா உடம்பு கிருமியோடு போராடும் பலம் குறையும். கட்டியை மறைச்சா சர்க்கரையும் மறைஞ்சே வளரும். பிறகு கால், கண், சிறுநீரகம் வரை போகும். அடிக்கடி கட்டி வருபவர் ரத்தப் பரிசோதனை செய்யணும். காய்ச்சல் வந்தா, சிவப்பு பரவினா, வலி கூடினா அன்றைக்கே டாக்டரிடம் போங்க. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு, மேல்சிகிச்சைக்கு அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை இருக்கு. காசு கேட்க மாட்டாங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடிஞ்சதும் அஞ்சு நிமிஷம் இதைப் பேசுங்க. ஒருத்தி வாய் திறந்தா, பக்கத்தில் இருக்கிறவளும் சொல்லுவா.