பொதுநலம் யாரிடம் கணக்குச் சொல்லும்?

(தனிமனித உரிமையும் பொதுநலமும் பற்றிய கருத்தரங்கில் ஆற்றிய தலைமை உரை)



இப்படிப்பட்ட தலைப்பில் தலைமை உரை என்றால் பிளேட்டோவில் ஏறி, ஜான் ஸ்டூவர்ட் மில்லில் வண்டி மாறி, ரால்ஸில் இறங்குவது வழக்கம். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். அந்த மூவருக்கும் நாளைக் காலை தனி அமர்வே இருக்கிறது. அவர்களை அங்கேயே விட்டுவிட்டு நான் ஒரு தேதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: 1950 மார்ச் 1.

குடியரசு பிறந்து ஐந்து வாரம்கூட நிறையவில்லை. குமாரசாமி ராஜா தலைமையிலான மதராஸ் அரசு அன்று இரண்டு ஆணைகளைப் பிறப்பித்தது. ஒன்று கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனுக்கு. 1947 டிசம்பரிலிருந்து அவர் ஏதாவது ஓர் ஆணையின் பேரில் உள்ளேயே இருந்தார். இடையில் விதிக்கப்பட்ட தண்டனைகள் ரத்தான பிறகும் வெளியே வர முடியவில்லை. அன்று அவரிடம் கொடுக்கப்பட்டது, நாடாளுமன்றம் சில நாட்களுக்கு முன்புதான் நிறைவேற்றியிருந்த தடுப்புக் காவல் சட்டத்தின்படி ஒரு புதிய ஆணை. இரண்டாவது ஆணை ஒரு பத்திரிகைக்கு. ரொமேஷ் தாப்பர் பம்பாயிலிருந்து நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற ஆங்கில வார இதழ் இனி மதராஸ் எல்லைக்குள் வரக்கூடாது, விற்கக்கூடாது. அதற்குப் பதினெட்டு நாள் முன்பு, பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த மார்ச் மாதத்தின் சூடு நமக்குப் புரியும்.

இரண்டு ஆணைக்கும் அரசு சொன்ன நியாயம் ஒன்றுதான்: பொதுமக்களின் பாதுகாப்பு, பொது அமைதி. இரண்டு வழக்குகளும் அதே ஆறு நீதிபதிகள் முன்னால் போயின. மே 19 அன்று கோபாலன் தோற்றார். மே 26 அன்று தாப்பர் ஜெயித்தார்.

இதில் எனக்குச் சுவையாகப் படுவது வேறு. கோபாலன் வழக்கில் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி அரசின் பக்கம் நின்றார். ஒருவரது சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும், வெறுமனே சட்டமன்றம் எழுதியதாக இருந்தால் போதாது என்று மாறுபட்டு எழுதியவர் ஃபஸல் அலி. ஏழு நாள் கழித்துப் பத்திரிகை வழக்கில் இருவரும் இடம் மாறினார்கள். தாப்பருக்காகப் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சாஸ்திரி. தன்னந்தனியாக அரசுக்கு ஆதரவாக எழுதியவர் ஃபஸல் அலி. ஆகவே இவர் சுதந்திரக் கட்சி, அவர் பொதுநலக் கட்சி என்று பெயர்ப்பலகை மாட்டும் பழக்கத்தை இந்த இரண்டு நாளும் கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம் என்பது என் முதல் வேண்டுகோள். ஒரே மனிதர் ஒரே வாரத்தில் இரண்டு பக்கமும் நிற்க முடிகிறது என்றால் நாம் கோட்டைத் தவறான இடத்தில் போட்டிருக்கிறோம்.

கோடு எங்கே விழ வேண்டும்? கோபாலன் வழக்கிலேயே அதற்கு விடை இருப்பதாக நினைக்கிறேன். அந்தத் தடுப்புக் காவல் சட்டத்தின் 14ஆம் பிரிவைச் சற்று நெருங்கிப் பாருங்கள். காவலில் வைக்கப்பட்டவருக்கு அதன் காரணம் எழுத்தில் தரப்படும். ஆனால் அந்தக் காரணத்தை அவர் நீதிமன்றத்தில் வெளியிட்டால் அதுவே குற்றம். நீதிமன்றமும் அதைக் கேட்கக் கூடாது. கடலூர் சிறையில் இருந்த கோபாலன், தன்னை ஏன் பிடித்தார்கள் என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் என்ன இருக்கிறது என்று டெல்லியில் இருந்த நீதிபதிகளுக்குச் சொல்ல வழியில்லாமல் இருந்தார். அவருக்காக வாதாடிய எம்.கே. நம்பியார் எவ்வளவோ கேட்டும் கிடைக்காத வெற்றி, இந்த ஒரு பிரிவில் மட்டும் கிடைத்தது. அதை நீதிமன்றம் வெட்டி எறிந்தது. மற்ற சட்டம் முழுவதையும் நிற்க விட்டது. ஆள் உள்ளேயே இருந்தார்.

சிறைக் கதவைவிட அந்த 14ஆம் பிரிவுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. பொதுநலத்துக்காக ஒருவரை அடைக்க வேண்டிய நிலை எந்த அரசுக்கும் வரலாம். அதற்கான காரணத்தை இன்னொருவர் காதில் போட மாட்டேன் என்று அரசு சொல்லும்போதுதான் நாம் எழுந்து நிற்க வேண்டும்.

இப்போது அதே ஆண்டில், அதே மதராஸிலிருந்து கிளம்பிய இன்னொரு வழக்குக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இதைத் தெரியாதவர் குறைவு: செண்பகம் துரைராஜன் வழக்கு. வகுப்புவாரி ஆணை, பேச்சுவழக்கில் கம்யூனல் ஜி.ஓ. அன்று மதராஸ் மாநிலத்தின் நான்கு மருத்துவக் கல்லூரிகளிலும் சேர்த்து 330 இடங்கள். அதில் 17 வெளிமாநிலத்தாருக்கு. 12 அரசு தன் விருப்பப்படி கொடுக்க. மீதியில் ஒவ்வொரு 14 இடத்துக்கும் ஒரு பங்கீடு: பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ-இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்து மருத்துவத்துக்குச் செண்பகம் துரைராஜனும், கிண்டிப் பொறியியல் கல்லூரிக்குச் சி.ஆர். சீனிவாசனும் உயர் நீதிமன்றம் போனார்கள். செண்பகம் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பதை உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் குறித்திருக்கிறது. சீனிவாசனுக்காக உயர் நீதிமன்றத்தில் வாதாடியவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அரசியல் சட்டத்தை எழுதிய குழுவில் இருந்தவர். நீதிமன்றங்கள் சமூகச் சட்டங்களுக்குக் குறுக்கே நின்றுவிடுமோ என்ற அச்சத்தை நிர்ணய சபையில் பகிர்ந்துகொண்டவரும் அவரே. வக்கீலாக நிற்கும்போது நிலை வேறு, அது தொழில். நான் குறை சொல்லவில்லை.

1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. அரசியல் சட்டத்தின் 29ஆம் பிரிவின் வாசகத்தை வைத்துப் படித்தால் அந்தத் தீர்ப்பில் சட்டப் பிழை காண்பது கடினம். ஆனால் அதில் ஒரு பார்வைக் குறை உண்டு. மனுதாரர் இருவரும் தனிமனிதர்களாகத் தெரிந்தார்கள். எதிர்ப்பக்கம் வெறும் வகுப்புகளாகத் தெரிந்தது. குடும்பத்தில் முதல் ஆளாக இன்டர்மீடியட் தேறி, அந்தப் பங்கீடு இல்லாவிட்டால் கல்லூரி வாசலையே பார்த்திருக்க முடியாத பையனும் பெண்ணும் தனிமனிதர்கள்தானே? அவர்களுக்கு மட்டும் ஏன் ஜாதிப் பெயர், மனுதாரர்களுக்கு மட்டும் ஏன் சொந்தப் பெயர்? தனிமனிதர் ஒரு பக்கம், சமூகம் மறுபக்கம் என்று தராசு தூக்கினால் இப்படித்தான் ஆகும்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த ஆணையைப் பிடிக்காதவர்கள்கூட அதைப் படிக்க முடிந்தது. 14இல் யாருக்கு எத்தனை என்று அச்சில் இருந்தது. எதிர்க்கலாம், வழக்குப் போடலாம், ஊர்வலம் போகலாம், எல்லாம் நடந்தது. ஆனால் அரசின் விருப்பப்படி கொடுக்கும் அந்த 12 இடங்கள்? யாருக்கு, எதன் பேரில் என்று தீர்ப்பில் ஒரு கேள்வியும் எழவில்லை. எண்ணிச் சொன்ன பங்கு விழுந்தது. எண்ணாமல் கொடுத்ததை யாரும் சீண்டவில்லை. என்னைக் கேட்டால் மருத்துவக் கல்லூரியில் தனிமனித உரிமைக்கு உண்மையான ஆபத்து அந்த 12இல்தான் இருந்தது.

பிறகு நடந்தது நீங்கள் அறிந்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் தெருவில் இறங்கினார்கள். 1951 மே 12 அன்று நேரு முதல் அரசியல் சட்டத் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். ஜூன் 18 அன்று அது சட்டமானது. பொதுத் தேர்தல் இன்னும் நடந்திருக்கவில்லை. தற்காலிக நாடாளுமன்றம்தான் 228க்கு 20 என்ற கணக்கில் நிறைவேற்றியது. நம் ஊர் மேடைகளில் இந்தத் திருத்தம் 15(4) என்ற பெயரில் கொண்டாடப்படுகிறது: சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்யும் அதிகாரம். டெல்லியில் எழுதப்படும் ஆங்கில நூல்களிலோ இதே திருத்தம் 19(2)ஆகத் திட்டப்படுகிறது: தாப்பர் ஜெயித்த வழிகளை அடைத்து, பொது ஒழுங்கின் பெயரால் பேச்சைக் கட்டுப்படுத்த இடம் கொடுத்தது. இரண்டும் ஒரே சட்டம், ஒரே வாக்கெடுப்பு. ஆளுக்குப் பாதியை நினைவில் வைத்துக்கொண்டு மறுபாதியை மறந்துவிடுவது நமக்கு வசதியாக இருக்கிறது. 15(4)ஐ நான் முழுமனதோடு ஏற்கிறேன். 19(2)இன் விரிவில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனால் பேச்சுக்கான கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் சேர்ந்தது, மசோதா தேர்வுக் குழுவுக்குப் போன பிறகுதான். அந்த ஒரு நிபந்தனை இல்லாவிட்டால் பின்னால் வந்த எத்தனையோ வழக்குகளில் நீதிமன்றத்துக்குக் கையில் பிடி கிடைத்திருக்காது.

ஒன்பதாவது அட்டவணை என்ற பெட்டியும் அதே திருத்தத்தில்தான் செய்யப்பட்டது. உள்ளே வைத்த சட்டத்தை நீதிமன்றம் தொடக்கூடாது. நிலச் சீர்திருத்தத்துக்காகவும் ஜமீன் ஒழிப்புக்காகவும் செய்த அந்தப் பெட்டியில்தான் 1994இல் நம் 69 சதவீத இட ஒதுக்கீட்டுச் சட்டமும் போய் அமர்ந்தது. பெட்டியைத் திறந்து பார்க்கும் உரிமை தனக்கு உண்டு என்று 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். அதுவும் தமிழ்நாட்டு வழக்கு, கூடலூர் ஜன்ம நிலங்களைப் பற்றியது. அதை நாளை பிற்பகல் விரிவாகக் கேட்கப் போகிறோம். நான் அதற்குள் போகவில்லை.

வி.ஜி. ராவ் வழக்கை மட்டும் தொடாமல் விட முடியாது. மக்கள் கல்விச் சங்கம் என்ற அமைப்பை 1950 மார்ச் 10 அன்று மதராஸ் அரசு சட்டவிரோதமானது என்று கெஜட்டில் அறிவித்தது. சங்கத்தின் செயலர் ராவ், சென்னை வழக்கறிஞர். அரசு சொன்ன வாதம்: எங்களுக்குத் திருப்தியாகப் பட்டது, ஆலோசனைக் குழு ஒன்றும் பார்க்கும், அது போதும். 1952 மார்ச் 31 அன்று, அப்போது தலைமை நீதிபதியாகிவிட்ட பதஞ்சலி சாஸ்திரி, போதாது என்றார். சங்கத்தாரை நேரில் கேட்காத குழு, கெஜட்டில் போட்டாலே தெரிவித்ததாக ஆகிவிடும் என்ற ஏற்பாடு, இவற்றை வைத்து ஒரு சங்கத்தை மூட முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். பொதுநலம் அரசின் மனத்திருப்தியில் முடிந்துவிடக்கூடாது, வெளியாள் ஒருவர் முன் அது சோதிக்கப்பட வேண்டும் என்று இந்த நாடு முதலில் தெளிவாகக் கற்றது மதராஸ் வழக்கொன்றிலிருந்து.

கற்றோமா என்பது வேறு விஷயம். இன்று நம் மாவட்டங்களில் “குண்டாஸ் போட்டுட்டாங்க” என்பது தினசரிச் செய்தி. அது தடுப்புக் காவலுக்கான 1982இன் 14ஆம் எண் சட்டம்; முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. கள்ளச்சாராயம் காய்ச்சுவோருக்கும் ரவுடிகளுக்கும் என்று தொடங்கியது, 2004இல் திருட்டு வீடியோவுக்கு நீண்டது, மணல் கடத்தலுக்கும் நீண்டது, 2014இல் இணையக் குற்றத்துக்கும் நீண்டது. எந்தக் கட்சி வந்தாலும் பட்டியல் வளர்ந்ததே தவிரச் சுருங்கவில்லை. கலெக்டரோ காவல் ஆணையரோ கையெழுத்திட்டால் ஓராண்டு வரை உள்ளே. காவல் ஆணையைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. தடுப்புக் காவல் எண்ணிக்கையில் பல ஆண்டுகளாக நாம் நாட்டின் முன்வரிசையில் இருக்கிறோம்.

உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள் விசாரணைக்கு வரும் நாளில் போய் உட்கார்ந்தால் ஒரு காட்சி கிடைக்கும். காவலில் இருப்பவருக்குக் கொடுத்த ஆவணக் கட்டை வக்கீல் தூக்கிக் காட்டுவார்: இந்தப் பக்கத்தின் நகல் படிக்க முடியவில்லை, இந்த ஆங்கில ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை, கட்சிக்காரர் அனுப்பிய மனுவைப் பரிசீலிக்க இத்தனை நாள் தாமதம். ஆணை ரத்தாகும். நல்லதுதான். ஆனால் இந்த ஆளை உள்ளே வைத்தது பொது அமைதிக்குத் தேவையா என்ற கேள்வி அங்கே அநேகமாக எழுவதே இல்லை. ஜெராக்ஸ் மங்கலாக இருந்ததால் ஒருவர் வீட்டுக்குப் போகிறார். தெளிவாக இருந்தால் இன்னொருவர் உள்ளேயே இருக்கிறார். 1950இன் 14ஆம் பிரிவு காரணத்தைப் பூட்டி வைத்தது. இன்று காரணம் வெளியே கிடக்கிறது, ஆனால் அதை எடைபோடத்தான் ஆளில்லை.

உளவுத் தகவலையெல்லாம் ஊரறியச் சொல்ல முடியுமா என்று ஒரு முன்னாள் காவல் அதிகாரி என்னிடம் கேட்டார். முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அரசியல் சட்டத்தின் 22(6)ஆம் பிரிவே அதற்கு இடம் தருகிறது. கைதிக்குச் சொல்லாதது ஒன்று, நீதிபதிக்கும் சொல்லாதது வேறு. முன்னதற்கு எப்போதாவது தேவை இருக்கலாம். பின்னதற்குத் தேவை இருப்பதாக எவரும் என்னை நம்பவைத்ததில்லை.

ஆய்வாளர்களிடம் ஒரு கோரிக்கையோடு முடிக்கிறேன். தீர்ப்புகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். அறிவுரைக் கழகங்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. சட்டப்படி அவற்றின் நடவடிக்கையும் அறிக்கையும் இரகசியம். கடைசியில் சொல்லும் கருத்து மட்டும்தான் வெளியே வரும். எத்தனை பேரை அந்தக் கழகங்கள் விடுவிக்கச் சொன்னன, எந்த மாவட்டத்தில் எந்த ஆண்டு, உயர் நீதிமன்றம் ரத்து செய்தவை எத்தனை, அதில் காகிதக் குறையால் எத்தனை, காரணமே சரியில்லாததால் எத்தனை: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் தீர்ப்புத் தொகுப்புகளையும் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று ஆய்வு மாணவர்கள் உட்கார்ந்தால் இதைத் தொகுக்க முடியும். இன்றைய முதல் அமர்வு தடுப்புக் காவல் பற்றியது என்பதால் அங்கேயே இதைப் பேசத் தொடங்குங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.