கல்லாற்றங்கரைக் காட்டுவழி



பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்த நமக்கு, வந்த இடத்தில் ஒரு மலை கண்ணுக்குத் தெரிந்தால் போதும். நம் ஊர்ப் பக்கமே போலத் தோன்றிவிடுகிறது. திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர்க்கு இவ்வெண்ணம் முற்றிலும் பொய்யன்று. நகருக்குக் கிழக்கே தெரியும் தொடரில்தான் 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம் நிற்கிறது. பொதிகை என்று நாம் போற்றுவது அதனையே. கிழக்குச் சரிவின் நீர் தாமிரபரணியாகித் திருநெல்வேலிக்குப் போகிறது. மேற்குச் சரிவின் நீர் நெய்யாறாகி அரபிக்கடலை அடைகிறது. அதற்கு வடக்கே, பொன்முடியின் அடிவாரத்தில் ஓடுவது கல்லாறு. வாமனபுரம் ஆற்றோடு அது கலக்கிறது.

சென்ற ஆண்டு ஐப்பசியில் நாங்கள் நால்வர் அங்கே மீன்முட்டி அருவியைக் காணப் புறப்பட்டோம். (இப்பெயருடைய அருவி வயநாட்டிலும் உண்டு, மேலே ஏற வழியின்றி மீன் முட்டி நிற்கும் இடம் என்று பொருள் சொல்வர்.) நெடுமங்காடு, விதுரா வழியாகப் பேருந்தில் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டையூசி வளைவுகளுக்கு முன்னமேயே இறங்கி, வனத்துறைச் சாவடியில் கட்டணம் செலுத்தினோம். காணிக்காரர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். அவருடைய பேச்சு தமிழும் மலையாளமும் கலந்து வந்ததால், எங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

அருவி வரை சுமார் மூன்று கிலோமீட்டர். முதலில் வண்டிப்பாதை, பிறகு ஈற்றை என்று அங்கே வழங்கும் மூங்கிற்புதர்களூடே ஒற்றையடிப்பாதை, கடைசியில் வேர்களையும் கயிற்றையும் பற்றி ஏறவேண்டிய செங்குத்து. இடையிடையே ஓடைகளைக் கல்மேல் கால்வைத்துக் கடக்கவேண்டும். அட்டைகளைப் பற்றி எங்களை எல்லோரும் அச்சுறுத்தியிருந்தனர். உண்மையில் உப்பும் புகையிலையும் உள்ளவரை அவை பெரிய தொல்லையல்ல.

இக்காட்டு மக்களின் அறிவைப் பற்றி ஒரு செய்தி. 1987-இல் அகத்தியமலைப் பகுதியில் ஆராய்ச்சிக்குச் சென்ற விஞ்ஞானிகள் களைத்துத் தளர்ந்தபோது, உடன் வந்த காணிக்காரர் மட்டும் ஏதோ சிறு காய்களைத் தின்றுகொண்டு சளைக்காமல் நடந்தனராம். அச்செடியே ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்து செய்யப்பட்டு, வருவாயில் ஒரு பங்கு காணி மக்களுக்கும் அளிக்கப்பட்டது. கல்லாற்றைச் சேர்ந்த மூலிகை வைத்தியர் லட்சுமிக்குட்டி அம்மாள் 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றதையும் நேயர்கள் அறிந்திருக்கலாம்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், அன்று நாங்கள் வழிகாட்டியோடு முரண்பட்டோம். அருவியின் ஓசை காதில் விழுந்துவிட்டது. இன்னும் ஓர் ஓடையைக் கடக்கவேண்டியதே பாக்கி. மழைத்துளி ஒன்றுகூட இல்லை. அவர் மட்டும் நீரையே பார்த்து நின்றார். பிறகு, “மலவெள்ளம், சாரே, திரும்பணும்” என்றார். எங்களில் ஒருவர், கட்டணம் கொடுத்து இவ்வளவு தூரம் வந்தபின் திரும்புவதா என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டார். அவர் பதில் சொல்லவில்லை. நாங்கள் சற்றுமுன் கடந்து வந்திருந்த முந்தைய ஓடையை நோக்கி நடக்கத் தொடங்கினார். முணுமுணுத்தபடியே பின்தொடர்ந்தோம்.

அவர் கண்டது என்ன என்பதைப் பின்னர் விளக்கினார். தெளிந்திருந்த நீரில் மெல்லிய கலங்கல். அதன்மேல் புதிதாய் ஒடிந்த பச்சைத் தழை. ஓசையிலும் ஒரு கனம். பொன்முடி 1100 மீட்டர் உயரத்தில் உள்ளது. துலாவர்ஷம் என்று மலையாளத்தார் கூறும் ஐப்பசி மழை, பிற்பகலில் இடியோடு அங்கே கொட்டினால், செங்குத்துச் சரிவில் தங்க இடமின்றி நீர் ஒரே ஓட்டமாய் இறங்கும். கீழே மரச்செறிவில் நிற்பவர்க்கு வானமே தெரியாது. மழையை எங்ஙனம் அறிவார்?

முந்தைய ஓடையைக் கடந்து கரையேறித் திரும்பிப் பார்த்தோம். கால் மணி நேரத்துக்குள், நாங்கள் மிதித்து வந்த கற்களில் ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. செம்மண் நிறத்தில் ஒரே பிரவாகம். கடுமையாகப் பேசிய நண்பர் வாய்திறவாமல் நின்றார். இதே கல்லாற்றின் வட்டக்கயம் என்னும் மடுவில் 2022 அக்டோபரில் மூவர் மூழ்கி உயிரிழந்தனர். வழுக்குப் பாறையும், வெளியே தெரியாத ஆழமும் அந்த ஆற்றில் எங்கும் உண்டு. மழை எச்சரிக்கை நாள்களில் வனத்துறையார் பாதையை மூடுகின்றனர். அன்று எச்சரிக்கை எதுவும் இல்லை.

சாவடியில் நண்பர் மன்னிப்புக் கேட்டார். வழிகாட்டியோ அவர் காலிலிருந்த அட்டைக்குப் புகையிலை வைப்பதிலேயே கருத்தாயிருந்தார்.

தை மாதத்தில் மறுபடியும் போனோம், அதே வழிகாட்டிதான். அம்முறை அருவியைக் கண்டு, அதன் சாரலில் வெகுநேரம் அமர்ந்திருந்தோம். திரும்பும்போது, முன்பு எங்களைத் தடுத்து நிறுத்திய ஓடைக்கரையில் அவர் நின்று, தம் கைக்கோலை உயர்த்தி ஒரு கிளையைத் தொட்டுக்காட்டினார். எங்கள் தலைக்கு ஒரு முழம் மேலே, வெள்ளம் விட்டுச்சென்ற சருகும் சுள்ளியும் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தன.