ஏழாம் மாதமும் எட்டாம் மாதமும்: குறைமாதக் குழந்தையின் மூளை நலம்



"ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை தங்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது" என்னும் பேச்சை நம் தோட்டங்களில் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. பண்டைக் கிரேக்க மருத்துவ நூல்களிலும் இது காணப்படுகிறது. ஆயினும் இஃது உண்மைக்கு நேர்மாறானது. கருப்பையில் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் மூளைக்குக் காப்பாக அமைகிறது.

37 வாரம் நிறைவதற்குமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. அத்தகைய பிறப்பும் கடினமான பேறும் பின்னாளில் கைகால் விறைப்பிற்குக் காரணமாகலாம் என்பதை 1861இல் இலண்டனில் வில்லியம் ஜான் லிட்டில் என்னும் மருத்துவர் எடுத்துரைத்தார். அந்நிலையையே இன்று மூளை முடக்குவாதம் என்கிறோம்.

இது நேரும் முறையை அறிதல் நன்று. மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உள்ளன. 32 வாரத்திற்குமுன் அவ்வறைகளின் ஓரத்திலுள்ள இரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. இரத்த அழுத்தம் சட்டென ஏறி இறங்கினால் அவை கசியும். அருகிலுள்ள வெண்பொருளும் அப்பருவத்தில் முதிராதது. இரத்த ஓட்டம் குன்றினாலும் நோய்த்தொற்று ஏற்பட்டாலும் அது சிதைவுறும். கால்களை இயக்கும் நரம்பிழைகள் அவ்வறைகளை ஒட்டியே செல்கின்றன. ஆகவேதான் இக்குழந்தைகளுக்குக் கைகளினும் கால்களே மிகுதியாக விறைக்கின்றன.

ஆபத்தை மிகுவிப்பன பல: மிகக் குறைந்த வாரத்தில் பிறத்தல், 1,500 கிராமுக்குக் குறைந்த எடை, இரட்டைக் கரு, கருப்பையில் நோய்த்தொற்று, நஞ்சுக்கொடிக் குருதிப்போக்கு, பிறந்தபின் மூச்சுத்திணறல் ஆகியன. கடுமையான மஞ்சள் காமாலையும் மூளையைத் தாக்கும். குறைமாதக் குழந்தைக்குச் சற்றுக் குறைந்த அளவே தீங்காகும். காலை வெயிலில் காட்டினால் போதும் என்று வீட்டில் வைத்திருத்தல் தகாது. எனினும் குறைமாதத்தில் பிறந்தோருள் பெரும்பாலோர்க்கு இம்முடக்குவாதம் வருவதில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

காக்கும் வழிகளும் உள்ளன. நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹவி என்னும் மருத்துவர் இருவர், பேற்றுக்குமுன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிரும் என்று 1972இல் காட்டினர். அவ்வூசி மூளைக் குருதிக்கசிவையும் குறைக்கிறது. பேறு நெருங்குகையில் செலுத்தப்படும் மெக்னீசியம் சல்பேட் முடக்குவாதத்தின் வாய்ப்பைக் குறைக்கிறது. இவ்விரண்டிற்கும் காலம் வேண்டும். ஸ்டீராய்டின் முழுப் பயன் கிட்ட ஏறத்தாழ ஒரு நாள் ஆகும்.

இங்கேதான் நம் கடமை தொடங்குகிறது. மாதம் நிறையுமுன் பனிக்குடம் உடைந்தாலும், விட்டுவிட்டு வலித்தாலும், குருதி பட்டாலும், காய்ச்சல் கண்டாலும், "விடியட்டும், பார்க்கலாம்" என்று சிடாம் கிரியில் எந்த வீடும் காத்திருத்தல் கூடாது. சுங்கைப் பட்டாணியின் சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனை தொலைவில் இல்லை. அன்றிரவே புறப்படுவதால் கிடைக்கும் சில மணி நேரம், ஒரு குழந்தை நடப்பதையும் நடவாமையையும் முடிவு செய்யக்கூடும்.

அதன்பின்னும் பாதிப்பு நேர்ந்தால், தாயைப் பழித்தல் அறமன்று. மேற்சொன்ன காரணங்களுள் பல அவள் கையில் இல்லாதவை. 1984இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய பி.டி.கே. எனும் சமூக மறுவாழ்வுத் திட்டம் இன்று நாடெங்கும் மையங்களைக் கொண்டுள்ளது. பயிற்சி எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவு நலம் பயக்கும்.

ஆசிரியப் பெருமக்களே, எழுதுகோலைப் பற்ற இயலாத விரல்களையும் தெளியாத பேச்சையும் கொண்டு ஒரு மாணவரின் அறிவை அளத்தல் பிழையாகும். விறைப்பு உடலில் இருப்பினும் அறிவு கூர்மையாக இருக்கலாம். 'முடம்' என்னும் சொல்லை விலக்கி, அக்குழந்தையை அதன் பெயரால் அழைப்போம். மாணவர்களே, பாட்டி சொன்ன எட்டாம் மாதக் கதையை இன்று வீட்டில் அன்போடு திருத்துங்கள்.