வீட்டிலேயே ஒரு தேடுபடப் புத்தகம்

சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில், ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார் என் மகளைப் பார்த்து, "அம்மா, அந்த வாரியலை எடுத்துக்கொண்டு வா" என்றார்கள். ஆறு வயதுக் குழந்தை அறை முழுவதும் சுற்றிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றது. வாரியல் கதவின் பின்னாலேயே சாய்ந்திருந்தது. குழந்தைக்குப் பொருள் தெரியும், பெயர்தான் தெரியவில்லை. பள்ளியிலே அது "சூல்". என் வாயிலே அது "துடைப்பம்". பகல் முழுவதும் அரசாங்கக் கோப்புகளுக்காகச் சொல் தேடுவதே தொழிலான எனக்கு, என் வீட்டுக் கதவின் பின்னால் இருந்த சொல் காணாமற் போனது அன்றுதான் தெரிந்தது.

அதன் விளைவாக நாங்கள் செய்த தேடுபடப் புத்தகத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். ஒரு பக்கத்தில் பல பொருள்கள் நிறைந்த புகைப்படம். எதிர்ப்பக்கத்தில் "இவற்றைக் கண்டுபிடி" என்னும் சிறு குறிப்புகள். அவ்வளவுதான் புத்தகம்.

இது புதிய எண்ணமன்று. 1658-இல் கொமேனியஸ் என்னும் கல்வியறிஞர் நியூரம்பர்க் நகரிலே வெளியிட்ட "ஆர்பிஸ் பிக்டஸ்" என்ற நூலில், படத்திலுள்ள பொருள்களுக்கு எண்களிட்டு, அவற்றின் பெயர்களை லத்தீனிலும் ஜெர்மனிலும் அருகருகே தந்திருந்தார். பொருள் ஒன்று, பெயர் இரண்டு என்பது அன்றே கண்ட வழி. நம் காலத்திலே, 1992-இல் அமெரிக்காவில் ஜீன் மார்சோலோ குறிப்பெழுத, வால்டர் விக் புகைப்படமெடுத்து வெளிவந்த "ஐ ஸ்பை" நூல் உலகமெங்கும் பரவியது. கடையில் அத்தகைய நூல்கள் கிடைக்கும். ஆனால் அவற்றில் வாரியல் இராது.

பொருள் சேர்க்க நாங்கள் போன இடம் சாலைக் கடைத்தெரு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவானாயிருந்த ராஜா கேசவதாஸ் ஏற்படுத்திய இந்தத் தெரு, கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்கிறது. தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்த இடம். இத்தெருவிலேயே கடை நடத்தி, இத்தெருவையே கதைகளாக எழுதிய ஆ. மாதவன் 2015-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். எங்கள் நோக்கம் அவ்வளவு பெரிதன்று. ஓர் அகப்பையும் ஒரு நாழியும் வாங்கினால் போதும் என்றுதான் புறப்பட்டோம்.

முதலில் செய்தது பிழை. தெருவையே படம் பிடித்துவிடலாம் என்று எண்ணி, ஒரு மாடிப்படியில் ஏறி நின்று எடுத்தேன். குடைகளும் கைவண்டிகளும் தலைகளும் ஒன்றோடொன்று கலந்து ஒரே குழப்பம். குழந்தை இரண்டு நிமிடத்திலே எழுந்து போய்விட்டது. முன்பின் அறியாதவர்களின் முகங்களைக் கேளாமல் எடுத்ததும் தவறுதான். அந்தப் படத்தை அழித்துவிட்டேன்.

பிறகு பொருள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஓலைப்பாயின் மேல் பரப்பினோம். காலை பத்து மணியளவில் சன்னலோரத்து வெளிச்சமே போதும். கைபேசியின் மின்னொளி வேண்டா, அது பாத்திரங்களில் பட்டுக் கண்ணைக் கூசும். முக்காலியின் மேல் நின்று, கைபேசியைத் தரைக்கு நேர்மட்டமாகப் பிடித்து எடுக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்குப் பத்துப் பொருள்கள் போதும். எதுவும் அச்சில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியதாய்த் தோன்றலாகாது. ஏழு வயதுக்கு நாற்பது வைக்கலாம். மறைப்பதிலே ஒரு சூட்சுமம் உண்டு. பொருளை எதன் அடியிலும் மறைக்காமல், அதன் நிறத்தையொத்த மற்றொன்றின் பக்கத்தில் வெட்டவெளியாகவே வைக்க வேண்டும். காப்பிக் கொட்டைகளுக்கிடையே ஒரு புளியங்கொட்டையை வைத்தோம். அதைத் தேட எனக்கே நேரம் பிடித்தது. குன்றிமணி அழகாயிருக்கும், ஆயினும் சேர்க்காதீர்கள். அதன் பருப்பு கொடிய நஞ்சு. சிறு விதைகளையெல்லாம் படமெடுத்தவுடன் எண்ணி எடுத்து வைப்பதும் நல்லது.

புகைப்பட நிலையத்தில் எட்டங்குலத்துக்குப் பன்னிரண்டங்குல அளவில், பளபளப்பில்லாத தாளில் அச்சிட்டு, தடித்த அட்டையில் ஒட்டி, முனைகளை வட்டமாக வெட்டி, துளையிட்டுக் கயிறு கோத்தோம்.

இனிக் குறிப்புகள். இங்கேதான் வீட்டில் வாதம் மூண்டது. நான் "முறம்", "பலாப்பழம்", "மரவள்ளிக்கிழங்கு" என்று எழுதி வைத்திருந்தேன். என் தாயார் நாகர்கோவில்காரர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "இது யார் வீட்டுப் பேச்சு?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு அது சுளகு, சக்கை, மரச்சீனி. சக்கையும் மரச்சீனியும் மலையாளமல்லவா என்றேன். எங்கள் ஊரிலும் அதுதான் பெயர் என்றார்கள். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் நாள்வரை திருவிதாங்கூரோடு இருந்த நாடு; இரு மொழிக்கும் பொதுவான சொற்கள் அங்கே ஏராளம். குழந்தை பள்ளியிலிருந்து கொண்டுவந்த "சக்கை"யை நான் அயற்சொல் என்று திருத்தி வந்திருக்கிறேன். அது அவளுடைய பாட்டியின் சொல்லேயாகும். வேடிக்கை என்னவென்றால், நான் தமிழென்று வற்புறுத்திய "முறம்" என்பதை அவள் மலையாளமாகப் பள்ளியிலேயே அறிந்திருந்தாள். "சுளகு"தான் அவளுக்குப் புதிது.

ஆகவே வீட்டுச் சொல்லைப் பெரிய எழுத்திலும், பொதுச் சொல்லை அதன் கீழே சிறிய எழுத்திலும் எழுதினோம். சில குறிப்புகளைப் பெயர் சொல்லாமல் விடுகதைபோல் பாட்டி சொல்ல, பேத்தி எழுதினாள். "அரிசியை மடியில் வைத்து ஆட்டும், தூசியை வாசலுக்கு ஓட்டும், அது எங்கே?" என்பது அவற்றுள் ஒன்று.

தில்லியிலும் மாதுங்காவிலும் கல்கத்தாவிலும் இதைச் செய்ய விரும்புவோர், என்னைப்போல் அகராதியிலிருந்து தொடங்க வேண்டா. வீட்டிலுள்ள மூத்தவரைப் பொருள்களின் முன் உட்காரவைத்து, அவர் வாயில் வருவதை அப்படியே எழுதுங்கள். தஞ்சாவூர்க்காரர் வீட்டுப் புத்தகமும் கோயமுத்தூர்க்காரர் வீட்டுப் புத்தகமும் ஒன்றாயிருக்க வேண்டுமென்பதில்லை. மூத்தவர் தொலைவில் இருந்தால் படத்தை அனுப்பித் தொலைபேசியிலே கேட்கலாம்.

எங்கள் புத்தகத்தில் ஆறு படங்கள் முடிந்துவிட்டன. ஏழாவது பக்கத்துக்கு உறி வேண்டும் என்று பாட்டி பிடிவாதமாயிருக்கிறார்கள். சாலையிலே நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் அது கிடைக்கவில்லை. நாகர்கோவில் பழைய வீட்டு அடுக்களையில் ஒன்று தொங்குகிறதாம். ஓண விடுமுறையில் போய்ப் படமெடுத்து வருவதாக ஏற்பாடு.