ஆவியாகாத கரைப்பான்



பாண்டுப் நிலையத்தில் மாலை வண்டியினின்று இறங்கி, லால்பகதூர் சாஸ்திரி சாலைப் பக்கமாக நடந்து பழகியவர்களுக்கு ஒரு வாசனை நினைவிருக்கும். பெயிண்டில் கலக்கும் தின்னரின் வாசனை அது. அச்சாலையை ஒட்டி முன்னாளில் நெருங்கி நின்ற ஆலைகளில் பல இன்று மூடப்பட்டு, அவ்விடங்களில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. ஆயினும் சந்துகளில் உள்ள பட்டறைகளை விட்டு அவ்வாசனை இன்னும் போகவில்லை. மூக்கை எட்டுவது கரைப்பானின் ஆவியே. அதை நாள் முழுதும் சுவாசிப்பவன் தொழிலாளி. பென்சீன் என்னும் கரைப்பானின் ஆவி இரத்தப் புற்றுநோயை உண்டாக்கவல்லது என்பது ஐயமற நிறுவப்பட்ட உண்மை.

ஆகவே, மொழிபெயர்ப்புக்காக நம் மேசைக்கு வந்த ஒரு கோப்பில் 'ஆவியாகாத கரைப்பான்' என்ற செய்தியைக் கண்டபோது நமக்கு மகிழ்ச்சியே உண்டாயிற்று. அயனித் திரவம் என்று அதற்குப் பெயர். அதே கோப்பு அதனைப் 'பசுமைக் கரைப்பான்' என்றும் புகழ்ந்திருந்தது. மூலத்தை மாற்றும் உரிமை மொழிபெயர்ப்பவனுக்கு இல்லை. இருந்தவாறே எழுதி அனுப்பினோம். நாம் கலைப் பட்டதாரி; குடுவையைத் தொட்டறியாதவர். எனினும் அந்தப் 'பசுமை' என்ற சொல் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. அதன் காரணத்தைத் தேடிப் படித்ததையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

கரைப்பானின் வேலையை நம் இல்லத்தரசிகள் நாள்தோறும் செய்கிறார்கள். பில்டரில் காப்பிப்பொடியை இட்டு வெந்நீர் ஊற்றினால், நீர் சாரத்தை மட்டும் கவர்ந்துகொண்டு இறங்குகிறது. சக்கை மேலே தங்குகிறது. தொழிற்சாலையில் தவிட்டிலிருந்து எண்ணெய் எடுப்பதும் இம்முறையில்தான். ஆங்கே நீருக்குப் பதில் ஹெக்ஸேன். எண்ணெயைக் கவர்ந்த ஹெக்ஸேனைக் காய்ச்சினால் அது ஆவியாகப் பிரிந்துவிடும். குளிர்வித்து மீண்டும் பயன்படுத்தலாம். ஆவியாகும் குணமே அதன் வசதி. அதுவே அதன் அபாயமும்.

அயனித் திரவமோ ஓர் உப்பு. நம் சமையல் உப்பை உருக்க 801 பாகை சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். அதன் அயனிகள் உருண்டையானவை. ஒழுங்காக அடுக்கி இறுகக்கூடியவை. தாதரில் சென்னை வண்டி ஏறும் நம்மவர் மூட்டைகளை நினைத்துப் பாருங்கள். ஒரே அளவுள்ள டிரங்குப் பெட்டிகளாயின் பலகைக்கடியில் சிக்கென அடுக்கிவிடலாம். பலாப்பழமும் குடையும் தையல் இயந்திரமுமாயின் எவ்வாறு வைத்தாலும் இடைவெளி விழும். அவ்வாறே, பருத்துக் கோணிய அயனிகளைக் கொண்ட உப்பு இறுகமாட்டாது, தாழ்ந்த வெப்பத்திலேயே திரவமாக நிற்கும். 12 பாகையிலேயே உருகும் அத்தகைய உப்பு ஒன்றை பால் வால்டன் என்ற அறிஞர் 1914இல் அறிவித்தார். காற்றும் ஈரமும் பட்டுக் கெடாத வகைகள் 1992இல் வெளிவந்த பின்னரே ஆராய்ச்சி பெருகியது. எதிரும் புதிருமான மின்னேற்றங்கள் ஒன்றையொன்று பற்றியிருப்பதால் இத்திரவம் எளிதில் ஆவியாவதில்லை; வாசனையும் பெரும்பாலும் இல்லை.

செம்பூருக்கு அப்பால் டிராம்பேயில் 1965இல் தொடங்கி வைக்கப்பட்ட ஆலை, எரிந்த அணு எரிபொருளினின்று புளூட்டோனியத்தைக் கரைப்பானால் பிரித்தெடுத்தது. டிரைபியூட்டைல் பாஸ்பேட்டை மண்ணெண்ணெய் போன்றதோர் எண்ணெயில் கலந்தது அக்கரைப்பான். எளிதில் தீப்பற்றும் இனம். அவ்வெண்ணெயின் இடத்தில் அயனித் திரவத்தை வைக்க இயலுமா என்று டிராம்பேயின் பாபா மையத்தாரும், கல்பாக்கத்தில் இந்திரா காந்தி மையத்தாரும் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள்.

இனி அந்த உறுத்தலுக்கு வருவோம். ஆவியாகாத பொருள் காற்றில் போகாது, உண்மை. அப்படியாயின் எங்கே போகும்? கரைத்த பொருளை அதனினின்று மீட்கப் பெரும்பாலும் நீரால் கழுவுகிறார்கள்; நீரில் சிறிது தங்கிவிடுகிறது. இவ்வினத்தில் பலவும் எளிதில் மக்குவதில்லை. நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாவனவும் உண்டு. இங்கிலாந்தின் வடகிழக்கில் ஒரு குப்பைமேட்டை அடுத்த மண்ணில் இவ்வகை அயனி ஒன்று இருந்ததை 2018இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. அது கல்லீரலைத் தாக்குமோ என்ற ஐயத்தையும் எழுப்பியது.

பாண்டுப்வாசிகள் இதைக் கேட்டு வாளாவிருத்தல் இயலாது. மும்பை அருந்தும் நீரில் பெரும்பகுதி நம் ஊரின் மேற்கே, குன்றடியில் சுத்திகரிக்கப்படுகிறது. கிழக்கே, ஊர்க்கழிவெல்லாம் சேரும் தானே கடற்கழியில் ஆண்டுதோறும் பூநாரைகள் வந்து இரை தேடுகின்றன. தின்னரையேனும் மூக்கு காட்டிக்கொடுக்கும். நீரில் கரைந்த மணமற்ற உப்பைக் காட்டிக்கொடுப்பவர் யார்?

எனினும் இக்கரைப்பானைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஜெர்மனியில் பாஸ்ப் நிறுவனத்தார் 2002 முதல், வினையில் பிறக்கும் அமிலத்தை 75 பாகையில் உருகும் உப்பாக மாற்றி, நீரும் எண்ணெயும்போல் தனி அடுக்காகப் பிரித்து வடித்தனர். மலேசியாவில் பெட்ரோனாஸ் நிறுவனம் கையாண்ட முறை நமக்கு இன்னும் பிடித்தது. இயற்கை வாயுவில் வரும் பாதரசம் அலுமினியக் கருவிகளை அரித்துவிடும். அயர்லாந்துத் தீவின் பெல்பாஸ்டிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தாருடன் கூடி, செம்பு கலந்த அயனித் திரவத்தைச் சிலிக்காத் துகள்களின் நுண்துளைகளில் ஊறவைத்தனர். அத்துகள்களை நிரப்பிய உருளையில் வாயுவைச் செலுத்த, பாதரசம் அங்கேயே பிடிபட்டது. 2011 முதல் ஆலையில் இது நடைமுறைக்கு வந்தது. துளைக்குள் அடங்கிய திரவத்தை நீரால் கழுவும் வேலை அங்கே இல்லை. பாதரசம் ஏறிய துகள்களை எவ்வாறு அப்புறப்படுத்துவது என்ற கேள்வி மட்டும் அங்கும் இருக்கத்தான் செய்கிறது.