அடித்தளத்து மாணவன்

(ஆய்வு மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டுவிட்டு, மேடைக்கும் நாடகக் கொட்டகைக்கும் ஓடி வந்தவன் நான். அத்தகையவனை, முனைவர் பட்டத்துக்காக மருத்துவ ஆராய்ச்சி செய்கின்ற உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். நோய்க்கிருமியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனால், உழைத்தவன் ஒருவன், பலன் கண்டவன் வேறொருவன் என்ற கதை எனக்குத் தெரியும். அந்தக் கதை வயலிலே நடக்கிறது, ஆலையிலே நடக்கிறது, ஆராய்ச்சிக்கூடத்திலும் நடந்திருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

1882ஆம் ஆண்டு, ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக், காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். பகைவன் யார் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அவனை வீழ்த்தும் படைக்கலம்? அறுபது ஆண்டுகள் கடந்தும் கிடைக்கவில்லை. எலும்புருக்கி என்று நம் தாய்மார்கள் பெயரிட்டு அழைத்த அந்த நோய், மாளிகையிலும் நுழைந்தது, குடிசையிலும் நுழைந்தது. மாளிகைக்காரன் மலைக்காற்று வாங்கப் போனான். குடிசைக்காரன் மயானத்துக்குப் போனான். அற்புத மருந்து என்று போற்றப்பட்ட பெனிசிலினும் காசநோய்க் கிருமியிடம் தோற்று நின்றது.

அந்த நிலையிலேதான், 1943ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டின் நியூஜெர்சி மாநிலத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இருபத்து மூன்று வயது இளைஞன் ஆய்வு மாணவனாக வேலை செய்துகொண்டிருந்தான். பாட்டனாரின் பண்ணையிலே வளர்ந்த பிள்ளை; மண்ணைக் கற்றால் உழவுக்கு உதவும் என்று மண்ணியல் படித்தவன். போர்க்காலத்தில் இராணுவ மருத்துவமனையில் பணியாற்றி, முதுகுவலி காரணமாக விடுவிக்கப்பட்டு, மீண்டும் கல்விக்கூடம் வந்தவன். அவனுக்குக் கிடைத்த உதவித்தொகை எவ்வளவு? மாதம் 40 டாலர்!

அவன் ஆசான், செல்மன் வாக்ஸ்மன், பெரும் புகழ் பெற்ற மண்ணுயிர் அறிஞர். ஆசானின் ஆராய்ச்சிக்கூடம் மூன்றாவது மாடியில். மாணவனின் இடம்? கட்டிடத்தின் அடித்தளத்தில்! கொடிய காசநோய்க் கிருமியைக் கையாளுகிற வேலை அல்லவா? அது கீழேயே இருக்கட்டும் என்பதுதான் ஏற்பாடு. தான் அங்கே உழைத்த காலத்தில் ஆசான் அடித்தளத்துக்கு ஒருமுறையேனும் இறங்கி வந்ததில்லை என்று ஷாட்ஸ் பின்னாளில் கூறினார்.

மண்ணை எடுத்தான், மண்ணிலே வாழும் நுண்ணுயிர்களை வளர்த்தான், ஒவ்வொன்றையும் நோய்க்கிருமியோடு மோதவிட்டுப் பார்த்தான். இரவிலே கூடத்திலேயே உறங்கினான். வாலையிலே திரவம் குறிப்பிட்ட கோட்டுக்குக் கீழே இறங்கினால் தன்னை எழுப்பிவிடும்படி இரவுக் காவலாளியிடம் சொல்லி வைத்திருந்தானாம். காவலாளி எழுப்பினான்; மாணவன் எழுந்தான்; மருத்துவ உலகின் விடியலுக்கு அவர்கள் இருவருமே காவல் இருந்தார்கள் என்பேன்!

1943 அக்டோபர் 19. எருவிட்ட மண்ணிலிருந்து ஒன்றும், கோழியின் தொண்டையிலிருந்து எடுத்த மாதிரியிலிருந்து மற்றொன்றுமாக, ஒரே இனத்தைச் சேர்ந்த இரு நுண்ணுயிர் வகைகள், கிருமிகளை ஒடுக்கும் புதியதொரு பொருளைத் தருகின்றன என்று உறுதியாயிற்று. அந்தப் பொருள்தான் ஸ்ட்ரெப்டோமைசின்! சோதனைக் குழாய் ஒன்றை மூடி முத்திரையிட்டு, தன்னைப் பெற்ற தாயிடம் கொடுத்தான் ஷாட்ஸ். பட்டத்தைவிட, பதக்கத்தைவிட, அந்தக் காணிக்கை எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

1944 ஜனவரியில் முதற் கட்டுரை வெளிவந்தது. முதற் பெயர் ஷாட்ஸ். இரண்டாவது, எலிசபெத் பூகி என்ற ஆய்வு மாணவி. மூன்றாவது, வாக்ஸ்மன். 1948இல் பிரிட்டனில் வெளியான ஆய்வின் முடிவைக் கேளுங்கள். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 நோயாளிகளில் 14 பேர் ஆறு மாதத்தில் மாண்டனர். ஓய்வோடு ஸ்ட்ரெப்டோமைசினும் பெற்ற 55 பேரில் மாண்டவர் 4 பேர். கிருமி அந்த மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்ளும் என்பதும், ஒரு மருந்து போதாது, கூட்டு மருந்து வேண்டும் என்பதும் பிறகு தெரிந்தன. ஆயினும் முதற் கதவு திறந்துவிட்டது!

கதவு திறந்தது, பணம் பாய்ந்தது. ஆசானும் மாணவனும் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்தின் அறக்கட்டளைக்கு ஆளுக்கு 1 டாலர் பெற்றுக்கொண்டு எழுதிக் கொடுத்தார்கள். பொதுநலம் என்று நம்பிக் கையெழுத்திட்டான் மாணவன். ஆனால் வருவாயில் நூற்றுக்கு 20 பங்கு ஆசானுக்குச் சேர்ந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ மூன்றரை லட்சம் டாலர்! மாணவனுக்கு வந்தவை, தலா 500 டாலருக்கு மூன்று காசோலைகள்.

1950இல் ஷாட்ஸ் வழக்குத் தொடுத்தார். அவ்வாண்டு இறுதியிலேயே சமரசம் ஏற்பட்டது. மருந்தைக் கண்டறிந்தவர்களில் ஷாட்ஸும் ஒருவர் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. வருவாயில் நூற்றுக்கு 10 வாக்ஸ்மனுக்கு, 3 ஷாட்ஸுக்கு, 7 ஆராய்ச்சிக்கூடத்தில் உழைத்த ஏனையோருக்கு. வழக்கிலே வென்றவர் வாழ்க்கையிலே என்ன ஆனார்? ஆசானை நீதிமன்றத்துக்கு இழுத்தவன் என்ற பழி அவர் முன்னே சென்றது. பெரிய ஆராய்ச்சிக்கூடங்களின் கதவுகள் அடைத்துக்கொண்டன. 1952ஆம் ஆண்டு ஸ்ட்ரெப்டோமைசினுக்காக நோபல் பரிசு வழங்கப்பட்டது. யாருக்கு? வாக்ஸ்மன் ஒருவருக்கு மட்டும்!

ஏகலைவனிடம் துரோணர் கட்டைவிரலைக் கேட்டார். அது புராணம். இங்கே கேட்கப்பட்டது விரல் அல்ல, பெயர். இது வரலாறு.

எலிசபெத் பூகி என்ன ஆனார் என்று கேட்கமாட்டீர்களா? கட்டுரையிலே பெயர் இருந்தது, காப்புரிமையிலே இல்லை. என்றைக்கோ ஒருநாள் மணமாகிக் குடும்பம் நடத்தப் போகிற பெண்ணுக்குக் காப்புரிமையில் பெயர் எதற்கு என்று தன்னிடம் சொன்னார்களென அவர் தம் மகளிடம் கூறியிருக்கிறார். அவருக்குக் கிடைத்த பங்கு நூற்றுக்கு 0.2. மாணவனுக்கு அநீதி ஒரு மடங்கு என்றால், மாணவிக்கு இரு மடங்கு!

நடுநிலை தவறிப் பேசமாட்டேன். மண்ணுயிர்களிடையே மருந்து தேடும் முறையை வகுத்தவர் வாக்ஸ்மன். அவரது கூடத்திலே அதற்கு முன்பே வேறு பொருள்கள் கண்டெடுக்கப்பட்டன. சமரசத்துக்குப் பின் தம் பங்கிலே பாதியை ஆராய்ச்சிக்கென ஓர் அறநிறுவனத்துக்கு அளித்தவரும் அவரே. வழி காட்டியவருக்குப் பெருமை இல்லை என்பதல்ல என் வாதம். வழி காட்டியவரும் நடந்தவரும் சேர்ந்து சென்ற பயணத்தில், நடந்தவரின் காலடியை அழிப்பது எந்த நீதி என்பதே என் கேள்வி.

நம் சென்னைக்கும் இந்தக் கதைக்கும் தொடர்புண்டு. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. சானடோரியத்தில் படுத்தவருக்கும், நெருக்கடியான வீட்டிலிருந்தபடியே மாத்திரை உண்ட ஏழைக்கும் குணத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று 1959இல் அது உலகுக்கு அறிவித்தது. ஏழைக்கு வீட்டிலேயே வைத்தியம் என்ற வழியை உலகுக்கே காட்டியது சென்னை! அந்த முடிவுக்குத் தங்கள் உடலையே சான்றாகத் தந்த நோயாளிகளின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? அறிவு என்பது ஒருவர் உடைமை அல்ல, தோழர்களே; பலர் உழைப்பு!

ஆகவே, ஆய்வு மாணவன் ஆசானின் ஏவலாள் அல்லன், அறிவுத் தொழிலாளி. அவனுக்கு உதவித்தொகை கருணையாக அல்ல, கூலியாக, உரிய நாளில் வரவேண்டும். ஆய்வுக் குறிப்பேடு தேதியோடும் கையெழுத்தோடும் காக்கப்பட வேண்டும். கட்டுரையில் யார் பெயர், எந்த வரிசை என்பது வேலை தொடங்கும்போதே பேசப்பட வேண்டும். வழிகாட்டியின் மீதே குறை சொல்ல நேர்ந்தால், வழிகாட்டியின் பேனாவுக்கு அஞ்சாமல் சொல்ல ஓர் இடம் வேண்டும். கழகத் தோழர்களே! ஆலை வாயிலில் நிற்பதுபோல் ஆராய்ச்சிக்கூட வாயிலிலும் நின்று இவற்றைக் கேளுங்கள். அங்கே உள்ளே இருப்பவர்கள், குடும்பத்திலே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நம் வீட்டுப் பிள்ளைகள்!

1994இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் ஷாட்ஸை அழைத்துத் தன் பதக்கத்தை அணிவித்தது. அப்போது அவர் வயது 74. அடித்தளத்திலிருந்து மேடைவரை ஏற அந்த மாணவனுக்கு ஐம்பத்தோர் ஆண்டுகள் ஆயின. 2005இல் அவர் மறைந்தார்.

நீதி வந்தது, ஆனால் நரை வந்த பிறகு வந்தது. நம் பிள்ளைகளுக்கு அது தலை கறுத்திருக்கும்போதே வரட்டும்!