சர்க்கரை ஆலையும் செருப்புப் பூங்காவும்



நம்ம எறையூருக்கு வெளியூரில் இரண்டு அடையாளம். ஒன்று சர்க்கரை ஆலை. இன்னொன்று 2022 நவம்பரில் முதலமைச்சர் அடிக்கல் நாட்டிய சிப்காட் காலணிப் பூங்கா. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது.

மெத்தென்ற நுரைச் செருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஈவிஏ என்ற பிளாஸ்டிக்கோடு பெராக்சைடும் நுரை எழுப்பும் பொருளும் கலந்து அச்சில் சூடேற்றுகிறார்கள். நூல் நூலாகக் கிடக்கும் மூலக்கூறுகளைப் பெராக்சைடு குறுக்கே முடிச்சுப் போட்டுவிடும். அதனால்தான் அமுக்கினால் எம்பி வருகிறது. அதனாலேயே, தேய்ந்த பிறகு உருக்கவும் முடியாது. உடைந்த பிளாஸ்டிக் குடத்தை உருக்கலாம். இதைச் சூடாக்கினால் கருகும். சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பார்களே, அந்தக் கதைதான். அரைத்துத் தூளாக்கிப் புதுசில் கொஞ்சம் கலக்கலாம், அவ்வளவே. காயலான் கடைக்காரர் தொடக்கூட மாட்டார்.

அந்த முடிச்சையே வேண்டும்போது அவிழும்படி போட்டால்? 2002-இல் கலிபோர்னியாவில் வேதியியலாளர் ஃப்ரெட் வுட்லின் குழு அதைச் செய்து காட்டியது. ஒரு பக்கம் ஃபியூரான், மறுபக்கம் மாலியிமைடு என்று இரண்டு வேதித் தொகுதிகள். 120 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் பிணைப்பு விடும். ஆறினால் மறுபடி சேரும். 2011-இல் பாரிஸில் லுட்விக் லைப்லர் என்ற ஆய்வாளர் இன்னொரு வழி கண்டார். சூட்டில் முடிச்சுகள் இடம் மாறும், எண்ணிக்கை மட்டும் குறையாது. அந்த வகைப் பிளாஸ்டிக்குக்கு விட்ரிமர் என்று பெயர் வைத்தார்.

இந்த ஃபியூரானுக்கு மூலப்பொருள் ஃபர்ஃபியூரல். ஃபர்ஃபியூரலை எதிலிருந்து எடுக்கிறார்கள்? கரும்புச் சக்கையிலிருந்து, ஐயா! ஆலைக் கொதிகலனில் நாம் எரிக்கிறோமே, அதே சக்கை.

நாளைக்கே நடந்துவிடும் என்று கைதட்டல் வாங்க நான் வரவில்லை. மாலியிமைடு மலிவான சரக்கு அல்ல. எரிக்கச் சக்கை இல்லாவிட்டால் ஆலையும் ஓடாது. வருஷக்கணக்கில் மிதிபட்டாலும் முடிச்சு நகராமல் நிற்க வேண்டும், அதுதான் பெரிய சோதனை.

ஆனால் 'இதெல்லாம் ஆய்வுக்கூடத்தோடு சரி' என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆதித்யா பிர்லா குழுமத்தின் ரீசைக்லமைன் என்ற பிசினில், 2021-இல் சீமென்ஸ் கமேசா நிறுவனம் காற்றாலை இறக்கையே செய்துவிட்டது. மிதமான அமிலத்தில் போட்டால் பிசின் வேறு, இழை வேறாகப் பிரிகிறது. இறக்கைக்கு ஆனது செருப்புக்கு ஏன் ஆகாது?

கம்பெனிக்காரர்களிடம் வேலை கேட்கிறோம், பஸ் கேட்கிறோம். நியாயம்தான். அடுத்த கிராம சபையில் இதையும் கேளுங்கள்: அச்சில் மிஞ்சிய துண்டு எத்தனை கிலோ, அது எங்கே போகிறது? அந்தக் கணக்கை வருஷா வருஷம் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.